வேலையை விட்ட பிறகும் சான்றிதழைத் தர மறுக்கும் பாமசி உரிமையாளர்

சகோதரி, கல்முனைப் பாமசியில் இருந்து விலகி மாதமாகியும் உரிமையாளர் உங்கள் மருந்தாளர் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்தே கடை நடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அந்தக் கடையின் அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரையும் பதிவிலக்கத்தையும் காட்டி எடுத்தது. உதவியாளர் பிரிகபலின், ட்ரமடோல் போன்ற, போதைக்காகவும் வாங்கப்படும் மருந்துகளை வைத்தியரின் துண்டில்லாமல் விற்றுப் பிடிபட்டால், விசாரணை உங்களையும் தேடி வரும்.

வாயால் சொன்ன விலகல் செல்லாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வேலை செய்த திகதி, உங்கள் மருத்துவ சபைப் பதிவிலக்கம், கடையின் பெயர், விலாசம், 'இத்திகதிக்குப் பின் அங்கு நடக்கும் விநியோகத்துக்கு நான் பொறுப்பல்ல' என்ற வரி, இவ்வளவும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதிகள் கொழும்பில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் (2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி கொடுப்பது அவர்கள்தான்), கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கும் போகவேண்டும். பணிமனைப் பிரதியை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். உணவு, மருந்துப் பரிசோதகரையும் சந்தியுங்கள். அம்பாறை மாவட்டம் என்று அம்பாறைப் பணிமனைக்கு அலைய வேண்டாம், கல்முனைக்குத் தனிப் பணிமனை உண்டு.

பலர் மறப்பது பெயர் சீல், அதாவது உங்கள் பெயர் பொறித்த இறப்பர் முத்திரை. அது கடையில் இருந்தால் சான்றிதழை விட ஆபத்து. இரண்டையும் கேட்டும் தராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். அடுத்த பாமசியில் கையெழுத்து வைக்குமுன் இது முடிந்திருக்க வேண்டும்.