மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், தம்பி

தம்பி, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் படிக்க வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். குளிர், அறை வாடகை, அரிசி பருப்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி: “அறைத்தோழர் மான் வேட்டைக்கு அழைக்கிறார். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாதாமே, வில்லையும் பையையும் எதில் மாட்டுவது?” அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கோட்டும் பூட்ஸும் ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். வாடகையை உங்களுக்கு முன்னே வந்த மாணவர்களிடம் கேளுங்கள். பருப்புக்குப் பஞ்சமில்லை.

இங்கே மான் வேட்டைக்காரர்கள் பலரும் மரத்தில் இருக்கை கட்டி, ஏறி உட்கார்ந்துதான் காத்திருப்பார்கள். மிச்சிகனின் பொது நிலங்களில் மரப்பட்டையைத் துளைத்து உள்ளே போகும் எதையும் பயன்படுத்தக் கூடாது. ஆணி, திருகு கொக்கி, மரத்தில் திருகிப் பொருத்தும் ஏறுபடி எல்லாம் இதில் அடக்கம். நான் வந்த புதிதில் ஒரு கடைக்காரர் திருகு கொக்கிகளைப் பெட்டியோடு என் தலையில் கட்டினார். பொது நிலத்தில் செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு போய்க் கேட்டதற்கு, “சொந்தக் காடு இருக்கும் என்று நினைத்தேன்” என்றார். கப்பல் போன்ற பழைய காரில் வந்து இறங்கியவனுக்குச் சொந்தக் காடாம்! நிற்க.

கொக்கிகள் கோத்த நைலான் வார் வாங்குங்கள். ஓர் அங்குலமாவது அகலம் இருக்கட்டும். மெல்லிய கயிறு வேண்டவே வேண்டாம். பாரம் ஏறினால் அது பட்டைக்குள் இறங்கும். பீச் மரத்தின் தோல் மெல்லியது, சுலபமாகக் காயப்படும். ஓக் மரத்தின் சொரசொரப்பான பட்டையில் வார் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்த நிலையில் கை எட்டும் உயரத்தில் கட்டுங்கள். வலக்கைக்காரர் வில்லை இடக்கையில்தான் பிடிப்பார், ஆகவே வில்லுக்கான கொக்கி இடப்பக்கம் வர வேண்டும். எழுந்து திரும்பி எடுத்தால் மான் பார்த்துவிடும். கொக்கியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள், இரும்போடு இரும்பு உரசிச் சத்தம் வராது. எதையும் கையில் பிடித்துக்கொண்டு மரம் ஏறாதீர்கள். உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வாரை மரத்தோடு பிணைத்து மேலே ஏறி உட்கார்ந்த பிறகு, சாமான்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள்.

ஓக் மரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை அதில் கீறல்கூட விழக் கூடாது என்பார்கள். புதுக் காயத்தின் வாசனைக்குச் சிறு வண்டுகள் வரும், அவற்றின் உடம்பில் ஒட்டி வரும் பூஞ்சை ஓக் வாடல் நோயைக் கொண்டுவரும். அதே மாதங்களில்தான் நம் ஆட்கள் சிலர் வான்கோழி வேட்டை என்று சுத்தியலோடு கிளம்புகிறார்கள். மற்றவர்களோ இத்தனை காலம் இங்கே இருந்தும் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. வார இறுதியில் கூடினால் அழகாபுரத்தில் மனை என்ன விலை என்பதே பேச்சு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதீர்கள்.

என்னைக் கேட்டால் ஆணியைவிட மோசமானது, மறந்து விட்டுவந்த வார். ஆணி ஓர் இடத்தைத்தான் கெடுக்கும். மரத்தைச் சுற்றி இறுக்கிய வாரோ, மரம் பருக்கப் பருக்க நெரிக்கும். இலையில் உண்டாகும் உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி சுற்றிலும் அடைபட்டால் வேர் பட்டினி. அதனால் பருவம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துவந்துவிடுங்கள். வெயிலில் இற்றுப்போன வாரை மறு வருடம் நம்புவதும் ஆபத்து.

துப்பாக்கி விஷயம் தனி. மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் கைக்கு வரும்வரை, நண்பரின் துப்பாக்கியைப் படம் எடுத்துக்கொள்வதற்காகக்கூடத் தொடாதீர்கள். வழக்கமான உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் தேவைப்படும். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அந்த விதி உண்டு.

மரத்தில் இரும்பு ஏறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் அப்பா கணக்கு எழுதினார். வேலி ஓரத்துச் சில்வர் ஓக்கில் யாரோ எப்போதோ முள்கம்பியை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பக்கம் உள்ளே போன கம்பி மறுபக்கம் வெளியே வரும், நடுவில் மரம் அதை முழுசாக விழுங்கி உதடு மூடியிருக்கும். விரலால் தடவினால் அந்த இடத்தில் பட்டை தடித்துச் சுருண்டிருக்கும். மர வியாபாரி வந்தால் முதலில் அந்த வரிசையைத்தான் கழிப்பார், ரம்பத்தின் பல் போய்விடுமே. மிளகு பறிக்க வருபவர்கள் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உச்சிவரை போவார்கள். கொடிக்கோ மரத்துக்கோ ஒரு கீறல் விழாது. இங்கே நூறு டாலருக்கு விற்கும் ஏணிகளைப் பார்க்கும்போது அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான்கறி என்று வாய்விட்டுச் சொன்னாலே வம்பு. இங்கே உரிமத்தோடு கிடைத்ததை மிளகு போட்டு வறுத்தால் அறைத்தோழர் உங்களை விடவே மாட்டார். அதற்காகச் சொல்கிறேன், வரும்போது ஏற்காட்டு மிளகு அரைக் கிலோ எடுத்து வாருங்கள், விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே டப்பாவில் தூளாக விற்பதை மிளகு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.