மன்மதன் கால் போட்ட மிதி

கேள்வி: மொன்டி பைதன் என்ற பிரித்தானிய டிவி நகைச்சுவைத் தொடரில் வானத்திலிருந்து பெரிய பாதம் ஒன்று இறங்கி எல்லாவற்றையும் நசுக்குமே, அதைக் கீறியது யார்?
வெள்ளவத்தை வாசகி

பதில்: கீறவில்லை அம்மா, வெட்டி எடுத்தது. எடுத்தவர் அந்தக் குழுவின் அனிமேஷன்காரர் டெரி கில்லியம். 1940இல் அமெரிக்காவில் பிறந்து, லண்டனில் போய்க் குடியேறியவர். கால், ரோமர்களின் மன்மதனான கியூப்பிட்டுடையது. 16ஆம் நூற்றாண்டில் பிரொன்சினோ என்ற இத்தாலியர் தீட்டிய ஓவியம் லண்டன் நேஷனல் கலரியில் இருக்கிறது. அதன் இடது பக்கக் கீழ் மூலையில், புறாவுக்குப் பக்கத்தில் பாருங்கள், அதே கால்.

கேள்வி: அவர் செய்த மாதிரி வீட்டில் செய்து பார்க்கலாமா?
தெஹிவளை மாணவன்

பதில்: தாராளமாக. முதலில் ஃபேனை நிற்பாட்டுங்கள்.

கம்ப்யூட்டர் வருமுன் பத்திரிகைப் பக்கங்களை வெட்டி ஒட்டியே வயிறு வளர்த்தவன் நான். விரலில் காய்ந்த பசை சோற்றோடு போகும். கில்லியமின் ஆயுதமும் கத்தரிக்கோல்தான். விக்டோரியா காலத்துச் செதுக்குப் படங்கள், பழைய போட்டோக்கள், இவற்றில் தலை, கை, தாடை என்று தனித்தனியாக வெட்டுவார். கமெராவுக்குக் கீழே வைத்துக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. வெட்டின கடதாசியை நளினமாக நடக்க வைப்பது பெரும்பாடு. அதனால் அவருடைய ஆட்கள் நடப்பதைவிட நசுங்குவார்கள், வெடிப்பார்கள், தலை கழன்று விழுவார்கள். குறையையே பகிடியாக்கின கெட்டிக்காரத்தனம் அது.

போன கிழமை பேத்தியும் நானும் பழைய கல்யாணக் கார்ட்டிலிருந்த யானையை வெட்டினோம். இரண்டு பால்மா டின்னுக்குக் குறுக்கே ஃபோனைக் கிடத்தினோம். ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு படம் என்று கணக்கு. யானை தும்பிக்கையைத் தூக்கி மாப்பிள்ளையின் பெயரை அடிக்கப் போகிற நேரம், புழுக்கம் தாங்காமல் மனைவி ஃபேனைப் போட்டார். யானை பறந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. படத்தை ஓட்டினால் யானை திடீரென்று மாயமாகிறது. அதுதான் நல்ல இடமாம், பேத்தி திருத்தி எடுக்க விடவில்லை.

கேள்வி: குதிரைக்குப் பதில் சிரட்டையை வைத்து ஒரு படமே எடுத்தார்களாமே?
கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: மெய்தான். 1975இல் வந்த மொன்டி பைதன் குழுவின் ஹோலி கிரெயில். கில்லியமும் அதே குழுவின் டெரி ஜோன்ஸும் சேர்ந்து இயக்கியது. குதிரைக்குக் கையில் காசில்லை. ராஜா துள்ளித் துள்ளி வருவார், பின்னால் ஒருவர் இரண்டு சிரட்டையைத் தட்டிக்கொண்டு வருவார். தேங்காய் விளையாத இங்கிலாந்துக்குச் சிரட்டை எப்படி வந்தது என்று காவல்காரன் விடாமல் விவாதிப்பான் பாருங்கள், அதற்காகவே பார்க்கலாம். அதே படத்தில் ஒரு கார்ட்டூன் பூதம் துரத்தும். பிடிக்கப்போகிற நேரம், அதை வரைகிறவர் மாரடைப்பில் போய்விட, பூதமும் இல்லை. அந்த வரைகிறவராக வருவதும் கில்லியம்தான். பேத்தியிடம் சொன்னேன், "நான் அப்பவே சொன்னேனே" என்கிறாள்.

கேள்வி: புத்தகம் ஏதும் எழுதினாரா?
பம்பலப்பிட்டி வாசகி

பதில்: 1978இல் அனிமேஷன்ஸ் ஒஃப் மோர்ட்டாலிட்டி. அனிமேஷன் பாடம் சொல்லித் தருவதுபோல் தொடங்கி, பாடப்புத்தகங்களையே கிண்டல் பண்ணும் படப் புத்தகம். வாத்தியார் வேலை பார்ப்பது பிரையன் என்ற பேட்ஜர், எங்கள் பக்கம் காணாத விலங்கு. பரீட்சைக்கு உதவாது. அது கிடக்க, எங்கள் கார்ட்டூன்காரர் சிரித்திரன் சுந்தர் கீறிய சவாரித்தம்பரை யாராவது இப்படி வெட்டி அசையவிட்டால் முதல் டிக்கட் எனக்கு.

கேள்வி: அவருடைய படங்களில் எதை முதலில் பார்க்க?
மட்டக்குளி வாசகர்

பதில்: பிரேசில், 1985. கந்தோரில் ஓர் ஈ அச்சடிக்கிற மெஷினுக்குள் விழ, டட்டில் என்ற பெயர் பட்டில் ஆகிறது. பிழையான ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு விளக்கம் சொல்லவே தேவையில்லை. என் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த ஒரு கந்தோருக்கு மூன்று தரம் அலைந்தேன், அங்கே ஈ கூட இல்லை. மூன்றாம் தரம் என் பெயரைச் சரியாக்கித் தந்தார்கள். அப்பாவின் பெயரில் புதுப் பிழை.