அவுட்ஸ்டேஷன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘அவுட்ஸ்டேஷன்களில் வாழ்கிறார்கள்’ என்று ஓரிடத்தில் வருகிறது. எனக்குத் தெரிந்தது டாக்ஸிக்காரர் சொல்லும் அவுட்ஸ்டேஷன்தான். ‘புறநிலையம்’ என்று போடலாமா?

செல்வி, திருச்சி

அன்புள்ள செல்வி,

‘புறநிலையம்’ வேண்டாம். படிப்பவர் மனத்தில் ரயிலோ போலீஸோதான் வரும்.

ஸ்டேஷன், ‘நிற்றல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். நம் நிலையத்துக்குள்ளும் ‘நில்’ இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளைக்கார அதிகாரிகளும் படையும் தங்கிய ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். ஊட்டிக்கு ரயில் வந்தது 1908இல். அதற்கு வெகுகாலம் முன்பே அது ஹில் ஸ்டேஷன். அந்த ஸ்டேஷனைத் தாண்டினால் அவுட்ஸ்டேஷன். டாக்ஸிக்காரர் சொல்வது இதன் மிச்சம்தான். மலேசியத் தமிழர்களும் வேலையாக வெளியூர் போனவரை ‘அவுட்ஸ்டேஷன் போயிருக்கிறார்’ என்பார்கள்.

என் சிறுவயதில் சென்னையிலிருந்து அப்பாவுக்கு செக் வரும். கும்பகோணத்தில் வங்கியில் போட்டால் ‘அவுட்ஸ்டேஷன் செக்’ என்று சொல்லி வசூலுக்கு அனுப்புவார்கள். பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், கமிஷனும் பிடிப்பார்கள். ஆனால் அதே செக், சென்னையில் உள்ளூர் செக்! எந்த ஊரில் நின்று பார்க்கிறோம் என்பதை வைத்தே ‘அவுட்’ முடிவாகிறது.

ஆஸ்திரேலியாவில் ஸ்டேஷன் என்றால் பெரிய ஆட்டுப் பண்ணை, மாட்டுப் பண்ணை. பண்ணை வீட்டிலிருந்து தொலைவில், மேய்ப்பர் தங்கிய குடிசைதான் அங்கே முதலில் அவுட்ஸ்டேஷன். பழங்குடிகளைக் கிறிஸ்தவ மிஷன்களிலும் அரசுக் குடியிருப்புகளிலும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வெவ்வேறு மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்தது. 1970களில் அவர்கள் சிறு சிறு குடும்பக் கூட்டங்களாகத் தங்கள் நிலத்துக்கே திரும்பத் தொடங்கினார்கள். பின்டுபி என்ற பழங்குடி மக்கள் பாப்புன்யா என்ற அரசுக் குடியிருப்பை விட்டு மேற்கே வெகுதூரம் போய் 1981இல் கின்டோரில் ஊர் அமைத்தார்கள். இப்படி எழுந்த சிற்றூர்களைத்தான் அவுட்ஸ்டேஷன் என்றார்கள். மூதாதையர் நடந்த மண், சடங்குகளுக்குரிய பாறைகள், நீர்ச்சுனைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த மக்களுக்கு அது எப்படி வெளியூர் ஆகும்? ‘ஹோம்லேண்ட்’ என்ற சொல்லும் அங்கே வழங்குகிறது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

நம்மிடம் ‘பூர்வீகம்’ இருக்கிறதே. ‘பூர்வீக மண்ணில் அமைத்த சிற்றூர்கள்’ என்று முதல் இடத்தில் விரித்து எழுதுங்கள், அப்புறம் ‘பூர்வீக ஊர்’ போதும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கட்டுரையில் 19ஆம் நூற்றாண்டு மேய்ப்பர்கள் வந்தால் அங்கே இது பொருந்தாது. அதற்குக் ‘கிடைக் குடிசை’ என்று போடுங்கள்.