குழந்தை வண்டியில் போன ஓவியச் சாமான்

கேள்வி: மகளைப் பார்க்க லண்டன் போகிறேன். பக்கத்தில், ஆற்றங்கரையில், பார்க்கும்படி ஒரு சின்ன ஊர் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: குக்கம் போய் வாருங்கள் அம்மா. தேம்ஸ் கரை, பெர்க்ஷயர் மாவட்டம். பாடிங்டனில் ரயிலேறி மெய்டன்ஹெட்டில் மாற வேண்டும்.

ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் 1891-ல் பிறந்தது இங்கேதான். லண்டனில் ஓவியம் படித்தபோது தினமும் சாயங்காலம் ரயில் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாராம். சக மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'குக்கம்'! பெரியவரான பிறகும், ஒரு பழைய குழந்தை வண்டியில் சாமான்களைப் போட்டுத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வரைந்தார். வேடிக்கை பார்க்க வருபவர்கள் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பணிவாக ஒரு அட்டையும் எழுதி வைத்திருந்தார். சிறுவயதில் அவர் வழிபடப் போன மெதடிஸ்ட் தேவாலயம்தான் இப்போது அவரது ஓவியக்கூடம். வண்டி அங்கேயே இருக்கிறது.

அப்புறம், ஹோலி டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் கல்லறையிலிருந்து சாவகாசமாக எழுந்து வருவதுபோல 1920-களில் அவர் வரைந்த பிரம்மாண்ட ஓவியத்தின் களம் அதுதான். பக்கத்திலேயே 1867-ல் கட்டிய இரும்புப் பாலம். ஒரு காலத்தில் கடக்கக் காசு வாங்கினார்கள்.

ஜூலையில் போனால் யோகம். அரசரின் ஆட்கள் படகில் வந்து அன்னங்களைப் பிடித்து எண்ணிவிட்டுப் போவார்கள். குளிர்காலம் என்றால் ஓவியக்கூடம் திறக்கும் நாளை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.