பெயர் பிழைத்தால் சிரிக்கமாட்டார்கள், வேறு வரிசையில்தான் விடுவார்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"அண்ணா, ஓகஸ்ட்டில் பிள்ளைகள் இரண்டு பேரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாரிசில் இருக்கும் தம்பியிடம் போகிறோம். டிஸ்னிலாண்டுக்கு ஒரே ஒரு நாள்தான். புளோரிடாவுக்குப் போய்வந்த ரொறன்ரோ மச்சாள், பார்க்கவேண்டியதெல்லாம் என்று ஒரு பட்டியல் வட்ஸ்அப்பில் அனுப்பினா: ஹோண்டட் மான்ஷன், ஸ்பேஸ் மவுண்டன், சின்ட்ரெல்லா காசில், ஜங்கிள் குரூஸ், ஸ்பிளாஷ் மவுண்டன், ரெமி. தம்பியிடம் காட்டினால் இதில் பாதி இங்கே இல்லை என்கிறான். பிரெஞ்சுப் பெயர்கள் எனக்கு வாயில் வரவே வராது, பிழையாகச் சொன்னால் அங்கே நிற்பவர்கள் சிரிப்பார்களோ என்றும் யோசனையாக இருக்கிறது. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5, அவளின் உயரம் 108 சென்ரிமீற்றர். பெயர்களை எப்படி வடிவாகப் பாடமாக்கிக்கொண்டு போவது?"

தங்கச்சி, பாடமாக்கவே வேண்டாம். பாரிசில் எங்கட ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் பதினொரு வருசம் இருந்தபோது ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரை அந்தப் பார்க்குக்கு எத்தனை தரம் கூட்டிக்கொண்டு போனேன் என்ற கணக்கு எனக்கே விட்டுப்போய்விட்டது, இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதே பயணங்களை மற்றவர்களுக்கு ஒழுங்கு செய்து கொடுக்கிறேன். இத்தனை காலத்தில் உச்சரிப்புப் பிழையால் நாள் கெட்டுப்போன ஒருவரையும் நான் காணவில்லை. அங்கே வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் ஸ்பானியர், ஜேர்மன்காரர், அரபுக்காரர், எங்கட ஆட்கள் என்று எல்லாருடைய வாயிலும் ஒரே பெயரை நூறு விதமாகக் கேட்டுப் பழகியவர்கள். அங்கத்தைப் பேய்வீட்டை நீங்கள் பாண்டம் என்றாலும் பான்தோம் என்றாலும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். நாளைக் கெடுப்பது வேறு பிழை. மிகத் திருத்தமாக, தெளிவாக, இன்னொன்றின் பெயரைச் சொல்லிவிடுவது.

எங்கட ஊரிலேயே பாருங்கள். வெள்ளைக்காரர் ஒருவர் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று டெல்ஃப்ற் என்று எப்படிக் கொன்னிச் சொன்னாலும் அவரை நெடுந்தீவுப் படகில் ஏற்றிவிடுவார்கள். அது ஒல்லாந்தர் வைத்த பெயர், நெடுந்தீவு என்ற சொல்லோடு அதற்கு ஒரு ஒட்டும் இல்லை, என்றாலும் இடம் ஒன்றுதான். ஆனால் கொழும்பில் இருக்கும் பெறாமகனும் நீங்களும் போனில் கோட்டை என்று கதைத்தால், அவனுக்கு அது ரயில் நிலையம், உங்களுக்குப் பண்ணைக் கடலோரத்து ஒல்லாந்தர் கோட்டை. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் சந்திக்கமாட்டீர்கள். மச்சாளின் பட்டியலுக்கு நடந்திருப்பது இந்த இரண்டாவது வகை. அவ எழுதினது அவ கண்ட பார்க்கின் பெயர்கள்.

சரி, பட்டியலைப் பாரிசுக்கு மாற்றுவோம். ஹோண்டட் மான்ஷன் அமெரிக்காவில். பாரிசில் அந்தப் பேய்வீடு பாண்டம் மானர், ஃபிரண்டியர்லாண்டில் இருக்கிறது, உள்ளே ஓடுகிற கதையும் வேறு. கோட்டை இங்கே சின்ட்ரெல்லாவினுடையது இல்லை, தூங்கும் அழகியினுடையது. பலகையில் பிரெஞ்சில் லா பெல் ஓ புவா டோர்மோன் என்று இருக்கும், கீழே நிலவறையில் ஒரு டிராகன் படுத்திருக்கும், அதை மறக்காமல் மகனுக்குக் காட்டுங்கள், பாதிப் பேர் மேலே படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். (மச்சாள் தமிழில் 'காசில்' என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்தேன். முழுக்கக் காசில்தான் நிற்கிறது, பிழையில்லை.) ஜங்கிள் குரூஸ் பாரிசில் கிடையாது. ஸ்பிளாஷ் மவுண்டன் பாரிசில் எப்போதுமே இருந்ததில்லை, புளோரிடாவிலும் 2023 இல் மூடி, அடுத்த வருசம் வேறு பெயரில், வேறு கதையோடு திறந்துவிட்டார்கள், ஆகவே மச்சாளின் பட்டியல் கொஞ்சம் பழசு. அவ டுமாரோலாண்ட் என்று சொல்லும் பகுதிக்குப் பாரிசில் டிஸ்கவரிலாண்ட் என்று பெயர்.

உங்களுக்கு உண்மையிலேயே கவனம் வேண்டிய இடம் அந்த டிஸ்கவரிலாண்ட்தான். ஸ்டார் வார்ஸ் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன், ஸ்டார் டூர்ஸ், பஸ் லைட்இயர் லேசர் பிளாஸ்ட், மூன்றும் அங்கே கிட்டக்கிட்ட. மூன்றுமே விண்வெளி. முதல் இரண்டும் ஒரே படத்தின் கதை. எங்கட ஆட்கள் "ஸ்டார் வார்ஸுக்குப் போவோம்" என்றுதான் சொல்வார்கள், வழி கேட்டால் கேட்கப்பட்டவர் எதைக் காட்டுவார் என்பது அதிர்ஷ்டம். ஸ்டார் டூர்ஸ் என்பது ஒரு அறைக்குள் இருத்தி, முன்னால் திரையில் படம் ஓட ஓட அறையையே ஆட்டிக் குலுக்குவது. குறைந்த உயரம் 102 சென்ரிமீற்றர், உங்கள் மகள் தாராளமாகப் போகலாம். ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனோ இருட்டுக்குள் சுட்டுவிட்ட மாதிரிப் பாய்ந்து, தலைகீழாகவும் சுற்றுகிற ரோலர்கோஸ்டர். 120 சென்ரிமீற்றர் வேண்டும். 108 உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு பிழையான வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்று, வாசலில் அளவுகோலைப் பிடித்துத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை அழுகிற அழுகையை நான் ஒருக்கால் கேட்டிருக்கிறேன், என் சொந்த மருமகள்தான், பிழையும் என்னுடையது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் 1995 இல் ஸ்பேஸ் மவுண்டன் என்று திறந்தது, 2005 இல் மிஷன் 2 என்று மாற்றினார்கள், ஸ்டார் வார்ஸ் பெயர் 2017 இல் வந்தது. ஆகவே உங்கள் தம்பி எந்த வருசம் முதல்தரம் போனாரோ அந்தப் பெயரைத்தான் சொல்வார். மச்சாள் சொல்லும் ஸ்பேஸ் மவுண்டன் புளோரிடாவில் இருப்பது, அங்கே 112 சென்ரிமீற்றர் போதும், தலைகீழாகவும் சுற்றாது. "அது அவ்வளவு பயமில்லை, நான் போனேனே" என்று அவ சொன்னால் அவவின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு அது உண்மை. அதை நம்பி அம்மாவை இதில் ஏற்றிவிடாதீர்கள். பஸ் லைட்இயருக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை, துப்பாக்கி போல ஒன்றால் புள்ளிக்குச் சுடுவது, மூன்று தலைமுறையும் சேர்ந்து போகலாம். அதற்கும் புளோரிடாவில் வேறு பெயர், கலிபோர்னியாவில் வேறு பெயர், ஆனால் பஸ் என்று சொன்னாலே விளங்கிவிடும்.

ரெமிக்கு வருகிறேன், ரட்டாட்டூயி படத்தில் வருகிற சமையல்கார எலி. என் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், வாத்தியாராக இருந்தவர், எதையும் தானே கேட்டு அறியவேண்டும் என்ற ஆள். ஒரு பிள்ளையிடம் போய் "ரெமி?" என்று கேட்டார், அது சிரித்த முகத்தோடு ஒரு கதவைக் காட்டியது, நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். உள்ளே ஆளை விடப் பெரிய கோப்பைகள், குடைகள், எலி அளவில் இருந்து பார்ப்பது போல எல்லாம் பெரிதாகச் செய்து வைத்திருந்தார்கள். ரைட், அதாவது ஏறிப்போகிற விளையாட்டு, தொடங்கிவிட்டது என்று மாமா பேரப்பிள்ளைகளுக்கு விளக்கமும் கொடுக்கத் தொடங்கினார். அது பிஸ்த்ரோ ஷே ரெமி, சாப்பாட்டுக் கடை. ஏறிப்போகிற ரைட் அதற்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது, ரட்டாட்டூயி என்று தொடங்கி ஒரு முழ நீளப் பிரெஞ்சுப் பெயர் அதற்கு. புளோரிடாவில் அதன் பெயரே ரெமியில் தொடங்குவதால் மச்சாளுக்கு ரெமி என்றால் போதும். பாரிசில் "ரட்டாட்டூயி, அத்ராக்சியோன்" என்று கேளுங்கள், அத்ராக்சியோன் என்றால் ரைட். எதையாவது கேட்கும்போது அது ஏறுகிறதா, சாப்பிடுகிறதா, கடையா, ஊர்வலமா என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். அத்ராக்சியோன், ரெஸ்தோரான் என்ற இரண்டு பிரெஞ்சுச் சொல் உங்களுக்கு வாயில் வராதா என்ன!

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: ரட்டாட்டூயி இருப்பது நீங்கள் நினைக்கும் டிஸ்னிலாண்டுக்குள் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பார்க், இரண்டு வாசல், ரிக்கற்றும் ஒரு பார்க்குக்கு அல்லது இரண்டுக்கும் என்று எடுக்கலாம். கோட்டை, பேய்வீடு, ஹைப்பர்ஸ்பேஸ் எல்லாம் 1992 இல் திறந்த முதல் பார்க்கில். 2002 இல் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் என்று திறந்த இரண்டாவதில்தான் ரட்டாட்டூயி. அந்த இரண்டாவது பார்க்குக்கு 2026 மார்ச்சில் டிஸ்னி அட்வென்ச்சர் வேர்ல்ட் என்று பெயர் மாற்றினார்கள், இந்தப் பெயரை முதல் பார்க்கில் இருக்கும் அட்வென்ச்சர்லாண்ட் என்ற பகுதியோடு குழப்பாதவர் இனிமேல் கொஞ்சப்பேர்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், யார் இப்படி யோசித்தார்களோ தெரியாது. தம்பியிடம் "டிஸ்னிலாண்ட் ரிக்கற் எடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஒரு பார்க்கா இரண்டா என்று கேளுங்கள். ஒரே நாள், சின்னப் பிள்ளை, வயசான அம்மா என்றால் என் வாக்கு முதல் பார்க்குக்கு மட்டும். ரட்டாட்டூயியை விட்டுவிடுங்கள், மகன் கேட்டால் அடுத்த முறை. தொண்ணூறுகளில் வந்த எங்கட ஆட்கள் சிலர் இன்றைக்கும் முழு இடத்தையும் யூரோ டிஸ்னி என்பார்கள், அதுதான் அதன் முதல் பெயர், அவர்களோடு வாதாடி மினக்கெட வேண்டாம்.

பெயரை நம்பக்கூடாத இன்னொரு இடம் சந்திக்கிற இடம். பெரியவர்கள் ரைட்டுக்குப் போக, அம்மா மகளோடு வெளியே இருப்பா, அப்போது "பிக் தண்டர் மவுண்டனுக்குக் கீழே நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். பாரிசில் அந்த மலை நிற்பது தண்ணீருக்கு நடுவே ஒரு தீவில். ரயில் கரையில் ஏற்றி, தண்ணீருக்கு அடியால் சுரங்கத்தில் அங்கே கொண்டுபோகும். மலைக்குக் கீழே அம்மா நிற்கவேண்டும் என்றால் நீந்தவேண்டும். அதோடு அங்கே ரைட்டுகளில் ஏறுகிற வாசல் ஒன்று, இறங்குகிற வாசல் வேறொன்று. ஆகவே ரைட்டின் பெயரைச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற ஒரு வாங்கு, ஒரு கடை வாசல், ஒரு சிலையைக் காட்டி, அம்மாவை அதில் இருத்தி, அந்த இடத்திலேயே அவவைப் படம் எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டுப் போங்கள். பிக் தண்டருக்கு 102 சென்ரிமீற்றர் போதும் என்பதால் மகளும் கூடப் போகலாம். தண்டர் என்று வாயில் வராவிட்டால் டண்டர் என்று சொல்லுங்கள், விளங்கும்.

மகள் போகமுடியாத ஹைப்பர்ஸ்பேஸுக்கு மகனோடு நீங்களும் தம்பியும் போக விரும்பினால், வாசலில் பேபி ஸ்விட்ச் என்று கேளுங்கள். ஒருவர் பிள்ளையோடு நிற்க மற்றவர் போய்வந்து, பிறகு ஆள் மாறலாம், இரண்டாவது ஆள் முழு வரிசையும் திரும்ப நிற்கத் தேவையில்லை. அம்மா கூட இருப்பதால் உங்களுக்கு அதுவும் தேவைப்படாமல் போகலாம். இந்தியானா ஜோன்ஸ் ரைட்டுக்கு 140 வேண்டும், 9 வயது மகனை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்.

போனுக்குச் செய்யவேண்டியது இதுதான். பார்க்கின் அப்பை இங்கேயே இறக்கி, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, நீங்கள் போக நினைக்கிற ஏழெட்டை மட்டும் தேடி, பெயரும் படமும் உயரமும் பகுதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தனி அல்பமாகப் போட்டுவையுங்கள். வழி கேட்கும்போது வாயைத் திறக்காமல் அந்தப் படத்தை நீட்டலாம். பட்டியலைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். எங்கட எழுத்தில் பாண்டம் மானரும் பாண்டசிலாண்டும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும், ஒன்று பேய்வீடு, மற்றது சின்னப் பிள்ளைகளின் பகுதி முழுவதும். ஸ்னோ ஒயிட் போன்ற சிலவற்றுக்கு வாசல் பலகையே பிரெஞ்சில்தான் இருக்கும், பிளான்ஷ் நேஜ் என்று, அங்கேயும் படம் உதவும். காசு கட்டி வரிசையைத் தாண்டுகிற பிரீமியர் அக்சஸை ஒவ்வொரு ரைட்டுக்கும் தனித்தனியாக விற்கிறார்கள், வாங்குவதற்கு முன் அந்த அல்பத்தோடு பெயரை எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள், ஸ்டார் என்ற சொல்லைக் கண்டதும் அமத்திவிடாதீர்கள். போகிற கிழமை எவை திருத்தவேலைக்கு மூடியிருக்கின்றன என்றும் அதே அப்பில் பாருங்கள்.

ரயில் தம்பியின் பாடு. என்றாலும் ஆள் தவறினால் தெரிந்திருக்கட்டும்: ஆர்ஈஆர் ஏ என்ற புறநகர் ரயில் பாதையில் கடைசித் தரிப்பிடத்தின் பெயர் மார்ன் லா வலே செசி. டிஸ்னிலாண்ட் என்ற ஊர் கிடையாது. அதே பாதை வன்சேனுக்குப் பிறகு இரண்டாகப் பிரிகிறது, மற்றக் கிளையில் ஏறினால் புவாசி சான் லேஜே (Boissy-Saint-Léger) பக்கம் போய்விடுவீர்கள், ஏறுமுன் மேடையில் தொங்கும் பலகையைப் பாருங்கள்.

அம்மாவுக்கு என்று ஒன்று சொல்லட்டுமா? பாண்டசிலாண்டில் இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட். படகில் இருத்தி மெதுவாகக் கொண்டுபோவார்கள், இரண்டு பக்கமும் உலகத்துப் பிள்ளைகள் மாதிரிப் பொம்மைகள் பாடி ஆடும், உயரம் பார்க்கமாட்டார்கள், குலுக்காது, வெயிலுக்குள் நிற்பதை விட உள்ளே குளிர்மை. 1964 இல் நியூயோர்க் கண்காட்சிக்கு என்று செய்தது, இப்போது கலிபோர்னியா, புளோரிடா, டோக்கியோ, பாரிஸ், ஹொங்கொங் ஐந்து இடத்திலும் அதே பெயர்தான். மச்சாளின் பட்டியலில் பெயர் மாறாத ஒன்று இருந்திருக்கக்கூடும் என்றால் அது இதுதான், அதை எப்படி எழுதாமல் விட்டா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.