கர்ப்ப காலத்தில் ரூபெல்லா: வாசகியர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: நான் ஒன்பது வாரக் கர்ப்பிணி. எங்கள் வீட்டில் நாத்தனார் மகனுக்கு வந்திருப்பது ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை எனப்படும் வைரஸ் தொற்று) என்று மருத்துவர் சொல்கிறார். எனக்குக் காய்ச்சலோ தடிப்போ இல்லை. என் குழந்தைக்கு ஆபத்து உண்டா?

பதில்: அறிகுறி இல்லை என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். தொற்றுக்கு ஆளானவர்களில் கால்பங்கு முதல் பாதிப்பேர் வரை தடிப்பே இல்லாமல் நோயைக் கடந்துவிடுகிறார்கள். தடிப்பு தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நோய் பரவக்கூடியது என்பதால், சிறுவனை இப்போது தனியே வைப்பது மட்டும் போதாது. உடனே ரூபெல்லா ஐஜிஜி, ஐஜிஎம் ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். இவை நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்; ஐஜிஎம் தொற்றின் தொடக்கத்தில் தோன்றுவது, ஐஜிஜி நெடுநாள் நிலைப்பது. தொடர்பு ஏற்பட்ட முதல் சில நாட்களுக்குள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஜி இருந்தால், அது பெரும்பாலும் பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோ கிடைத்த பாதுகாப்பே. இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்தும், தேவைப்பட்டால் ஆறாவது வாரத்திலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். முதல் ரத்த மாதிரியை எடுத்துவைக்கும்படி ஆய்வகத்தில் மறக்காமல் கேளுங்கள்; இரண்டையும் ஒருசேரச் சோதித்து ஒப்பிடும்போதுதான் முடிவு தெளிவாகும்.

கேள்வி: எந்த மாதத்தில் வந்தால் என்ன பாதிப்பு?

பதில்: எல்லாமே தொற்று ஏற்பட்ட வாரத்தைப் பொறுத்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா கருவைப் பாதிக்கும் என்று முதலில் உலகுக்குச் சொன்னவர் சிட்னி நகரின் கண் மருத்துவர் நார்மன் கிரெக். பிறவிக் கண்புரையோடு தம்மிடம் வந்த குழந்தைகளின் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா கண்டவர்கள் என்பதை அவர் 1941இல் எடுத்துக்காட்டினார். வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை அடைந்து, உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே செல்கள் பெருகுவதைத் தடுத்து, ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் சிதைக்கிறது. அதனால் முதல் 12 வாரங்களில் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால், குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை இருக்கும். கண்புரை, பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய இதய ரத்தக்குழாய் மூடாதிருத்தல், நுரையீரல் தமனி சுருக்கம், உட்செவிப் பழுதால் வரும் காது கேளாமை, சிறிய தலை ஆகியவை ஒரே குழந்தையிடம் சேர்ந்தும் காணப்படலாம். கரு கலைவதும் உண்டு. 13 முதல் 16 வாரங்களில் பெரும்பாலும் செவித்திறன் மட்டும் பாதிக்கப்படுகிறது. 20 வாரங்களைக் கடந்தபின் பிறவிக் குறைபாடு மிக அரிது.

கேள்வி: பொதுவாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ரூபெல்லா ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கருவைக் கலைத்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து இந்த ஒரு தாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். தடிப்போ, நோயாளியுடன் தொடர்போ இல்லாதவர்களுக்கு ஐஜிஎம் தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது அடிக்கடி நடப்பதுதான். நலமான கருக்கள் இதனால் இழக்கப்படக்கூடும் என்பதே என் பெருங்கவலை. ஐஜிஜி அவிடிட்டி என்ற பரிசோதனை, தொற்று அண்மையில் வந்ததா, பல மாதங்களுக்கு முந்தையதா என்று பிரித்துக் காட்டும். அண்மைத் தொற்று உறுதியானால், கரு மருத்துவ நிபுணரிடம் ஸ்கேன், பனிக்குட நீர்ப் பரிசோதனை குறித்துப் பேசுங்கள். ஸ்கேன் நன்றாக இருப்பதால் மட்டும் காது கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் அறிந்திருங்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்ட பிறகுதான் கருவுற்றிருப்பது தெரிந்தது. கலைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உயிருள்ள வைரஸ் தடுப்பூசி என்பதால் முன்னெச்சரிக்கையாகக் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை; போட்டபின் ஒரு மாதம் கருவுறாமல் இருக்கச் சொல்கிறோம். தவறுதலாகப் போட்டது கருக்கலைப்புக்குக் காரணமாகாது.

கருவுறத் திட்டமிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2017இல் நடந்த தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அப்போது அந்த வயதைக் கடந்திருந்த பெண்கள்தான் இன்று தாய்மையை எதிர்நோக்கியிருக்கிறார்கள். தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாவிட்டால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பிறவி ரூபெல்லா என்று உறுதி செய்திருக்கிறார்கள். கண்ணும் காதும் சரியாக உள்ளன. இனி என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பிறந்தபோது நன்றாக இருந்த செவித்திறன் பின்னர் குறையலாம் என்பதால், பள்ளி வயது வரை முறையாகக் காதைச் சோதியுங்கள், கண் அழுத்தத்தையும் பாருங்கள். பிற்காலத்தில் நீரிழிவும் தைராய்டுக் கோளாறும் வரக்கூடும். இத்தகைய குழந்தையின் தொண்டைச் சளியிலும் சிறுநீரிலும் ஓராண்டு வரை வைரஸ் வெளியேறக்கூடும். ஆகவே, பாதுகாப்பு உறுதியாகாத கர்ப்பிணி உறவினர்கள் இப்போது குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.