காந்தம் ஒட்டினால் போலியா?

கேள்வி: என் காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டுவிட்டது. மாற்றுவதற்கு இரண்டு பார்த்தேன். இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்கிறார்கள். விலை குறைந்ததில் காந்தம் ஒட்டுகிறது. விலை கூடியது 304 கிரேடு, அதில் ஒட்டவில்லை. ஒட்டுவது போலியா? எதை வாங்கலாம்?

பதில்: ஒட்டுகிறது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். எவர்சில்வர் பாத்திரத்தைக் காந்தம் வைத்துப் பார்த்தே பழகிவிட்டோம். எக்ஸாஸ்ட் விஷயத்தில் அந்தச் சோதனை உதவாது. கார் கம்பெனிகளே பரவலாகப் பயன்படுத்தும் 409 கிரேடில் காந்தம் நன்றாக ஒட்டும். அதில் குரோமியம் சுமார் 11 சதவீதம்; நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். மேலே பழுப்பாகத் துருப் பூக்கும், ஆனால் பைப் சீக்கிரம் ஓட்டையாகாது. 441 கிரேடிலும் ஒட்டும். குரோமியம் 18 சதவீதம் இருப்பதால் அது இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும்.

304 மட்டமான பொருள் இல்லை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் பைப்புக்கும் சைலன்சருக்கும் தாராளமாகப் போடலாம். இன்ஜினை ஒட்டி, புகையை வாங்கிப் பைப்புக்கு அனுப்பும் மேனிஃபோல்டில்தான் அதற்குச் சோதனை. பெட்ரோல் இன்ஜினை விரட்டி ஓட்டும்போது அங்கே வரும் புகையின் சூடு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரு மீட்டர் 304 பைப் 700 டிகிரி சூடேறினால் 12 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். 409 சுமார் 8 மில்லிமீட்டர்தான். வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் இப்படி நீண்டு சுருங்கினால், இரு முனையும் இறுகப் பூட்டிய பைப் வெல்டிங் ஓரத்தில்தான் விட்டுக்கொடுக்கும். அதோடு, 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் இருந்தால் 304-ல் உள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியம் குறைந்த இடத்தில் அரிப்பு உள்ளே புகும். இதைத் தடுக்கத்தான் 321 கிரேடில் டைட்டானியம் சேர்க்கிறார்கள். கார்பன் அதனுடன் சேர்ந்துவிடும், குரோமியம் தப்பிக்கும்.

ஆகவே மேனிஃபோல்டுக்கு 321 அல்லது 441 கேளுங்கள். விலை குறைந்தது 441 என்றால் என் ஓட்டு அதற்குத்தான். வெறுமனே ‘எஸ்எஸ்’ என்றால் போதாது, கிரேடு எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.

அப்புறம், பணம் கொடுக்கும் முன் பைப்புக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங்கின் உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். கருகிய சர்க்கரை மாதிரி பொருபொருவென்று இருந்தால், காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுவைப் பைப்புக்குள் விடாமல் பற்றவைத்திருக்கிறார்கள். எந்த கிரேடானாலும் அந்த இடத்தில்தான் முதலில் விரியும். பொருத்திய பிறகு பைப் பொன்னிறமாகவோ நீலமாகவோ மாறினால் பயப்படாதீர்கள், சூட்டில் மேற்பரப்பு அப்படித்தான் நிறம் மாறும்.

பழையது ஏன் விரிந்தது என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் தளர்ந்தோ, பைப்பைத் தாங்கும் ரப்பர் அறுந்தோ இருந்தால் பைப்பின் பாரமும் ஆட்டமும் மேனிஃபோல்டின் மேல்தான் விழும். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதியதும் அதே இடத்தில் விரியும்.